படித்தேன், புரிந்தது, ஒப்புக்கொண்டேன்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, எதையும் படிக்காமலே ஒப்புக்கொள்ளும் கலையைக் கண்டுபிடித்தான். முதல் இரண்டும் இல்லாவிட்டாலும் எப்படியோ பிழைத்திருக்கலாம். மூன்றாவது இல்லாவிட்டால் இன்று ஒரு கைபேசிகூட இயங்காது. அந்தக் கலைக்கென்று தனித் துறை வைத்து, ஓர் அறையும் ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் ஒதுக்கிய பெருமை எங்கள் நிறுவனத்துக்கு உண்டு. அந்தத் துறையின் தலைவர் அடியேன்.

மருத்துவமனைக் கட்டில்களின் தலைமாட்டில் நிற்கும் மானிட்டர்களை நாங்கள் செய்கிறோம். நோயாளியின் மூச்சையும் நாடியையும் எண்களாகக் காட்டி, ஏதாவது பிசகினால் கத்தும் கருவி. வெளிப்பெட்டி எங்களுடையது. பெட்டியின்மேல் இருக்கும் பெயரும் எங்களுடையது. உள்ளே ஓடும் மென்பொருள் மட்டும், உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்து முகம் தெரியாத பல நூறு பேர் எழுதி, 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவில் வைத்தது. ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் முன்னோர்கள் எங்கள் தொழிலை எப்போதோ வரையறுத்துவிட்டார்கள்.

ஆனால் சும்மா கொடுக்கிறவர்களும் கையில் ஒரு காகிதத்தைத் திணித்துத்தான் கொடுக்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம், ஆனால் இன்னின்னது செய்யக்கூடாது என்று நாலைந்து பக்கம். அதன் பெயர் உரிமம். எங்கள் பெட்டிக்குள் ஆயிரத்து நூற்றுப் பதினேழு துண்டு மென்பொருள்கள் இருந்தன. ஆகவே ஆயிரத்து நூற்றுப் பதினேழு உரிமங்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து அனுமதிப்பதற்காகவே 'உரிமப் பரிசீலனைக் குழு' அமைக்கப்பட்டது.

குழுவில் மூவர். பர்ச்சேஸ் மேனேஜர், எச்.ஆர். அம்மா, நான். புதன்கிழமைதோறும் மூன்று மணிக்குக் கூடுவோம். முதல் கையெழுத்து பர்ச்சேஸ் மேனேஜருடையது. தனக்குப் பின்னால் இரண்டு பேர் படிக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில் அவர் போடுவார். இரண்டாவது எச்.ஆர். அம்மா. முன்னால் ஒரு பொறுப்பான அதிகாரி படித்திருக்கிறார், அவரைச் சந்தேகிப்பது பணியிட நல்லுறவுக்குக் கேடு என்பதால் அவர் போடுவார். மூன்றாவது நான். இரண்டு பேர் படித்த ஒன்றை மூன்றாவது ஆள் படிப்பது வீண் என்பதால் 'படித்தேன், புரிந்தது, ஒப்புக்கொண்டேன்' என்ற முத்திரையைக் குத்துவேன். அதைக் கையால் எழுதிக்கொண்டிருந்தால் நேரமாகும் என்று நானே செய்யச்சொன்ன ரப்பர் முத்திரை அது. அலுவலகத்தில் என்னை 'முத்திரை சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடங்களில் ஒரே ஓர் உரிமத்தைக்கூட நாங்கள் தாமதப்படுத்தியதில்லை.

இப்படிப்பட்ட குழுவை ஒரே ஒருவர் கேள்வி கேட்டார். மென்பொருள் பிரிவில் இருந்த ஓர் அம்மாள். எதற்கெடுத்தாலும் 'ஒரு டவுட்டு' என்று ஆரம்பிப்பார் என்பதால் 'டவுட் மேடம்' என்று பெயர்.

"ஒரு டவுட்டு சார். இந்த லைசென்ஸை மூணு பேர்ல யாரு படிச்சீங்க?"

"குழு படிச்சுதும்மா."

"குழுவுல யாரு?"

"குழுன்னா அதுல யாரும் கிடையாதும்மா. அதுக்குத்தான் குழுவே போடறது."

அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. நிர்வாகம் என்பது எல்லாருக்கும் எளிதில் பிடிபடும் விஷயம் அல்ல.

இந்த டவுட் மேடம் ஒருநாள் ஒன்றைக் கண்டுபிடித்துத் தொலைத்தார். பிறந்த குழந்தைகளின் பாதத்தில் எங்கள் மானிட்டரின் சிறிய பட்டை ஒன்றைச் சுற்றுவார்கள். குழந்தை காலை உதைக்கும், பட்டை நழுவும், உடனே கருவி உயிரே போய்விட்டதுபோல் கத்தும். ஒரு நாளைக்கு நூறு முறை. டவுட் மேடம் என்ன செய்தார் என்றால், கத்துவதற்கு முன் கருவி, குழந்தையின் நெஞ்சில் ஒட்டிய கம்பிகள் காட்டும் மூச்சையும் நாடியையும் ஒரு கணம் ஒத்துப் பார்க்கும்படி எழுதினார். அவை சரியாக இருந்தால் நழுவியது பட்டைதான். ஒரு சிறு விளக்கு மட்டும் மினுங்கும். அவையும் சரியில்லை என்றால் அப்போது கத்தும்.

உடனே பேட்டன்ட் வாங்கிவிட்டோம். 'இதை முதலில் யோசித்தவன் நான், என்னைக் கேட்காமல் வேறு எவரும் செய்யக்கூடாது' என்பதற்கு அரசாங்கம் தரும் சான்றுதான் பேட்டன்ட். யோசித்தவர் யார் என்பதில் எங்களிடம் ஒரு மரபு உண்டு. முதல் பெயர் எம்.டி.யுடையது. அடுத்து துறைத் தலைவர்கள், பதவி வரிசையில். வரவேற்பறைச் சுவரில் மாட்டிய பித்தளைப் பட்டயத்தில் அதற்குமேல் இடமில்லாததால் 'மற்றும் பலர்' என்று முடித்திருந்தோம்.

"ஒரு டவுட்டு சார். 'மற்றும் பலர்'ங்கறது நானா?"

"ஆமாம்மா. நீங்க ஒருத்தரே பல பேருக்குச் சமம்னு கம்பெனி நினைக்குது."

பாராட்டை ஏற்றுக்கொள்ளத் தெரியாதவர்கள் சிலர் உண்டு. அவர் பட்டயத்தை இன்னொரு முறை படித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே ஓர் அனுமதிப் படிவத்தோடு வந்து நின்றார். புதன்கிழமை, மணி மூன்று பதினாலு. மூன்று பதினைந்துக்கு எங்களுக்குத் தேநீர் வரும்.

"சார், நாம எழுதினதை அந்தப் பொது மென்பொருள்லயே சேர்த்துடலாம். இல்லேன்னா அவங்க புதுசு புதுசா விடும்போதெல்லாம் நாம திரும்பத் திரும்ப ஒட்டவெச்சுக்கிட்டே இருக்கணும். ஆனா ஒண்ணு. சேர்த்துட்டா அந்த லைசென்ஸோட மூணாவது பிரிவுப்படி, நம்ம பேட்டன்ட்டை உலகத்துல யாரும் இலவசமா பயன்படுத்தலாம்னு நாம அனுமதி கொடுத்ததா ஆயிடும். ஒன்பதாவது பிரிவுன்னு இன்னொண்ணும் இருக்கு. தயவுசெஞ்சு இதை மட்டுமாவது படிச்சுட்டுப் போடுங்க."

பர்ச்சேஸ் மேனேஜர் கையெழுத்திட்டார். எச்.ஆர். அம்மா கையெழுத்திட்டார். வராந்தாவில் தேநீர்க் கோப்பைகளின் சத்தம் கேட்டது. நான் முத்திரையைக் குத்தினேன்.

அந்த வருட மதிப்பீட்டில் எச்.ஆர். அம்மா டவுட் மேடத்தைப் பற்றி 'திறமைசாலி, ஆனால் காகிதங்களின் உள்ளடக்கத்தில் தேவையற்ற ஆர்வம் காட்டுகிறார்' என்று எழுதினார். டவுட் மேடம் வேலையை விட்டுவிட்டு ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளராகச் சேர்ந்தார். எங்கள் புதன்கிழமைகளுக்கு மீண்டும் அமைதி திரும்பியது.

இரண்டு வருடம் கழித்து எங்கள் விற்பனைப் பிரதிநிதி அதே மருத்துவமனைக்குப் புது மானிட்டர்களை விற்கப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பழைய கருவிகளிலேயே அந்தப் பொது மென்பொருளை ஏற்றியிருக்கிறார்களாம். ஒன்றும் வீணாகக் கத்துவதில்லையாம். எம்.டி. அவசரக் கூட்டம் போட்டார்.

"நம்ம பேட்டன்ட்டை வெச்சு அவங்க குழந்தைங்களைத் தூங்கப் பண்றாங்க. யாரைக் கேட்டுப் பண்றாங்க?" என்றார் எம்.டி.

"பிரைமா ஃபேஸி நமக்குத்தான் சார் சாதகம்" என்றார் வக்கீல். எந்த வழக்கையும் அவர் இந்த இரண்டு சொற்களோடுதான், அதாவது 'மேலோட்டமாகப் பார்த்தால்' என்றுதான், ஆரம்பிப்பார். முடிவில் சாதகம் மாறும்.

"ஏன்யா முத்திரை, லைசென்ஸ் பக்கத்துலேர்ந்து ஏதாவது சிக்கல் வருமா?"

"குழு எல்லாத்தையும் பரிசீலிச்சிருக்கு சார்."

அவ்வளவுதான். மருத்துவமனை மேலும் டவுட் மேடம் மேலும் வழக்குப் போட்டோம். தீர்ப்பு வரும்வரை அந்த வார்டில் மென்பொருளை நிறுத்திவைக்க இடைக்காலத் தடையும் கேட்டோம். நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரும் பொறுப்பு எனக்கு வந்தது.

வார்டில் இருபத்திரண்டு தொட்டில்கள். பக்கத்தில் இருபத்திரண்டு கிழட்டு மானிட்டர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி. நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தமே இல்லை. எங்கள் தொழிலில் இருபது கருவிகள் ஓடும் அறையில் இப்படி ஓர் அமைதியை நான் கேள்விப்பட்டதே இல்லை. இங்கே ஏதோ சட்டவிரோதமாக நடக்கிறது என்று உடனே தெரிந்துகொண்டேன்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க சார். மெதுவாப் பேசுங்க" என்றார் தலைமை நர்ஸ். அரைக்கண் தூக்கத்திலும் கணக்குப் பிசகாத முகம்.

"இந்தச் சாஃப்ட்வேரை நிறுத்திட்டா என்ன ஆகும் சிஸ்டர்?"

"பழையபடி எல்லாம் கத்தும். நாங்க ஒரு ஷிஃப்டுக்கு ரெண்டு பேர். முதல் நாள் ஒவ்வொண்ணுக்கும் ஓடுவோம். ரெண்டாம் நாள் நடப்போம். மூணாம் நாள் எல்லா மெஷினோட வாயையும் அமுக்கி வெச்சிடுவோம். வேற வழி கிடையாது. நாலாம் நாள் ஏதோ ஒண்ணு நிஜமாவே கத்தும். அதை எப்படி சார் நாங்க கண்டுபிடிக்கிறது?"

"அப்படி முன்னாடி நடந்திருக்கா?"

"நடந்ததாலதான் அந்த மேடத்தை வேலைக்கு எடுத்தோம்."

ஏழாம் எண் தொட்டிலில் விளக்கு மினுங்கியது. நர்ஸ் போய், விரல் நீளம்கூட இல்லாத ஒரு பாதத்தில் பட்டையைச் சரிசெய்துவிட்டு வந்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்த தாய் கண் விழித்தாள். என் சட்டைப் பையில் இருந்த கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"நீங்க மெஷின் கம்பெனியா சார்? நல்லா இருக்கணும் நீங்க. இது சும்மா சும்மா கத்தாம இருக்கறதாலதான் கொஞ்சமாவது கண்ணை மூட முடியுது. அது கத்தினா நிஜம்னு தெரியும் பாருங்க."

அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு தலையாட்டினேன். ஆனால் அதற்கு அறிக்கையில் பத்தி கிடையாது. 'எதிர்த்தரப்பினர் நமக்குச் சொந்தமான அமைதியை அனுமதியின்றி அனுபவித்து வருகின்றனர்' என்று குறித்துக்கொண்டேன்.

கடைசித் தொட்டிலுக்குக் கீழே ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு டவுட் மேடம் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க முத்திரை சார். ஒரு டவுட்டு. கேஸ் போடப் போறீங்களா, போட்டுட்டீங்களா?"

"நேத்தே போட்டாச்சு."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பையிலிருந்து நாலு தாள்களை எடுத்துக் கொடுத்தார். எங்கள் முத்திரை விழுந்த அதே உரிமத்தின் நகல்.

"ஒன்பதாவது பிரிவைப் படிச்சுட்டுப் போட்டிருக்கலாமே சார். வீட்டுலயாவது படிங்க."

வீட்டில் படிக்கும் வேலை என் மனைவியுடையது. அவள் சோப்புத்தூள் உறையைக்கூட விடமாட்டாள், பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டாள். மாலையில் நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் நாலு தாளையும் முடித்திருந்தாள்.

"என்னங்க, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"இந்த மென்பொருளை எடுத்துக்கிட்டவங்க, இதுக்குள்ள இருக்கற ஏதாவது ஒண்ணு எங்க பேட்டன்ட்னு யார் மேல கேஸ் போட்டாலும், போட்ட அன்னிக்கே இந்த உரிமத்துல அவங்களுக்குக் கிடைச்ச எல்லா உரிமையும் போயிடும். ஒன்பதாவது."

"அப்படின்னா?"

"அப்படின்னா நேத்துலேர்ந்து உங்க கம்பெனி அடுத்தவங்க பொருளை உரிமை இல்லாம வித்துக்கிட்டிருக்கு. அவங்க உங்க மேல கேஸ் போடலாம். சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், எழுத்துல பார்க்கறது இப்பதான்." தாளைத் திருப்பினாள். "இதுல வேற மூணாவது பிரிவுல பேட்டன்ட்டை எல்லாருக்கும் கொடுத்தும் வெச்சிருக்கீங்க. கொடுத்ததுக்கே கேஸா? இதுக்கு யாரு ஒத்துக்கிட்டது?"

"குழு."

அவள் கடைசிப் பக்கத்தில் இருந்த முத்திரையையும் கையெழுத்தையும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அன்று சாப்பாட்டில் உப்பு அதிகமாக இருந்தது, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மறுநாள் நான் எம்.டி.யிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். எப்படிச் சொல்வது? நேற்றுத்தான் தெரிந்தது என்றால், அதற்கு முன் தெரியாது என்று ஆகிவிடும். ஒரு துறையின் மானமே போய்விடும். ஆகவே பொறுப்போடு வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் எதிர்த்தரப்பின் பதில் வக்கீலுக்கு வந்து, வக்கீல் எம்.டி. அறைக்கு வந்து, பிறகு நானும் வரவழைக்கப்பட்டேன். ஜன்னல் வழியே பார்த்தால் கீழே லாரியில் ஏற்றுவதற்காகக் கட்டி வைத்த நானூறு மானிட்டர்கள் தெரிந்தன.

"ஒன்பதாவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கறது உனக்குத் தெரியுமாய்யா?" என்று எம்.டி. கேட்டார்.

"எட்டுக்கு அப்புறம் ஒண்ணு இருக்கும்னு ஒரு யூகம் இருந்தது சார்."

வக்கீல் குறுக்கிட்டார். "ஒரே ஒரு வழி இருக்கு சார். அந்தப் பெண்மணி கொண்டுவந்த படிவத்துல இவர் படிக்காமலே முத்திரை போட்டுட்டார், அதனால அந்த அனுமதியே செல்லாதுன்னு நாம வாதாடலாம். அனுமதி செல்லாதுன்னா நம்ம துண்டு அந்த மென்பொருள்ல முறைப்படி சேரவே இல்ல. சேரலேன்னா மூணாவதும் இல்ல, ஒன்பதாவதும் இல்ல. தடை உத்தரவு வாங்கிடலாம். இவர் கோர்ட்டுல வந்து 'நான் படிக்கலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்."

எம்.டி.யின் முகம் மலர்ந்தது. "உன்னை வேலையை விட்டெல்லாம் எடுக்க மாட்டேன். ஒரு கண்டிப்புக் கடிதம் கொடுப்பேன், அதையும் வழக்கம்போல படிக்காம வெச்சுக்கோ."

பத்தொன்பது வருடங்களில் நிறுவனம் என்னை உண்மை சொல்லச் சொல்வது இதுவே முதல் முறை. அந்த உண்மையைச் சொன்னால், இருபத்திரண்டு கருவிகளும் மறுநாள் காலையிலிருந்து கத்த ஆரம்பிக்கும். அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

நீதிமன்ற அறை சிறியது. முன்வரிசையில் டவுட் மேடமும், ஷிஃப்டு முடிந்து நேராக வந்திருந்த தலைமை நர்ஸும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் எம்.டி. நீதிபதி ஓர் அம்மாள். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. கையில் கொடுத்த காகிதத்தைப் படித்தார். முழுதாக. நாங்கள் எல்லாரும் அவர் பக்கம் பக்கமாகத் திருப்புவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். இப்படி ஒரு நேர விரயத்தை அரசாங்கம் எப்படி அனுமதிக்கிறது என்று எனக்கு வியப்பாக இருந்தது.

நான் கூண்டில் ஏறினேன். வக்கீல் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் நீதிபதி கேட்டார்.

"இந்த முத்திரை உங்களுடையதா?"

"ஆமாம்மா."

"இதே முத்திரையை வேற எதுல எல்லாம் போட்டிருக்கீங்க?"

"எங்க மெஷின்ல இருக்கற ஆயிரத்து நூற்றுப் பதினேழு உரிமத்துலயும்மா."

"உங்க கம்பெனி ஒவ்வொரு மெஷினோடவும் ஒரு சான்றிதழ் அனுப்புதே. 'இதில் உள்ள எல்லா உரிமங்களும் படித்து ஏற்கப்பட்டவை'ன்னு. அது இந்த முத்திரையை நம்பித்தானே?"

"ஆமாம்மா."

"சரி. இப்ப சொல்லுங்க. இதைப் படிச்சீங்களா, இல்லையா?"

நான் எம்.டி.யைப் பார்த்தேன். அவர் முதலில் இல்லை என்று தலையாட்டினார். பிறகு அந்தச் சான்றிதழ் ஒட்டி வெளியே போன அத்தனை ஆயிரம் மானிட்டர்களும் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும், ஆமாம் என்று ஆட்டினார். பிறகு இரண்டையும் கலந்து வட்டமாக ஆட்டினார். வக்கீல் தன் பேனாவை ஆழ்ந்து பரிசோதித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் மட்டும் என்னை நேராகப் பார்த்தார்.

அந்த நேரத்தில் எனக்கு ஏழாம் எண் தொட்டில் நினைவுக்கு வந்தது என்று சொன்னால், நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள். வந்தது உண்மைதான். கூடவே என் பத்தொன்பது வருடப் பெயரும் நினைவுக்கு வந்தது. எது முதலில் வந்தது என்று இன்றுவரை எனக்கே தெரியாது. குரலைச் செருமிக்கொண்டு, சத்தியம் செய்து ஏறிய கூண்டில் நின்று, என் வாழ்நாளின் மிகத் தெளிவான பொய்யைச் சொன்னேன்.

"படித்தேன், புரிந்தது, ஒப்புக்கொண்டேன்."

"அப்போ தெரிஞ்சேதான் எல்லாருக்கும் கொடுத்திருக்கீங்க. கொடுத்ததை அனுபவிக்கிறாங்கன்னு அவங்க மேலயே கேஸ் போட்டிருக்கீங்க" என்று நீதிபதி தாளை மடித்தார். தடை மறுக்கப்பட்டது. மறு வாரமே நாங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். "பிரைமா ஃபேஸி கொஞ்சம் இடிச்சது சார்" என்று மட்டும் வக்கீல் சொன்னார்.

வழக்குப் போனாலும் ஒன்பதாவது பிரிவு போகவில்லை. எங்கள் உரிமை போனது போனதுதான். நானூறு மானிட்டர்களும் கட்டிய கட்டோடு நின்றன. அந்தப் பொது மென்பொருளைப் பராமரிக்கும் சிலரிடம் மன்னிப்புக் கேட்டால் உரிமையைத் திருப்பித் தர வழி உண்டு என்று தெரிந்தது. அந்தச் சிலரில் ஒருவர் டவுட் மேடம். எம்.டி. என்னைத் தூது அனுப்பினார். டவுட் மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். குழு கூடி, அவர் முன்னால், அந்த உரிமத்தை ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

படித்தோம். ஆளுக்குக் கொஞ்சமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. பதினோரு நிமிடம் ஆனது. ஓரிடத்தில் பர்ச்சேஸ் மேனேஜர் நிறுத்தி, "நல்லாத்தான் எழுதியிருக்காங்க, புரியுதே" என்று தன்னை மறந்து சொன்னார். டவுட் மேடம் எழுந்து எங்களுக்கு நன்றி சொன்னார். அன்று மாலையே உரிமை திரும்பக் கிடைத்தது, லாரிகள் கிளம்பின. ஏழாம் எண் குழந்தை எடை கூடி வீட்டுக்குப் போய்விட்டதாக டவுட் மேடம் போகிறபோக்கில் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை.

அதன்பிறகு எம்.டி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு விஷயம் கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கே இதைப் படிச்சிருந்தா முத்திரை போட்டிருப்பியா?"

"சத்தியமா மாட்டேன் சார். பேட்டன்ட்டை ஊருக்கெல்லாம் தூக்கிக் கொடுக்க யாரு ஒத்துக்குவாங்க?"

"உங்க மூணு பேர்ல ஒருத்தர் படிச்சிருந்தாலே அது வெளியில போயிருக்காது?"

"கம்பெனியை விட்டு ஒரு வரிகூடப் போயிருக்காது சார்."

"அப்போ இனிமே படிங்கய்யா" என்றார்.

சீர்திருத்தம் எங்கள் நிறுவனத்துக்கு இப்படித்தான் வந்தது. இன்று உரிமப் பரிசீலனைக் குழு முன்மாதிரியான குழு. ரப்பர் முத்திரையை ஒழித்துவிட்டோம். மூவரும் தனித்தனியாகப் படிக்கிறோம், ஓரத்தில் குறிப்பு எழுதுகிறோம், பிரிவு பிரிவாக விவாதிக்கிறோம். தேநீரை மூன்றே முக்காலுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எங்களுக்கு ஒரு விருதே கொடுத்தார்கள்.

போன மாதம் ஒரு பொறியாளர் படிவம் கொண்டுவந்தார். கையில் ஏறும் மருந்தைச் சொட்டு சொட்டாக அளந்து விடும் பம்பையும் இப்போது செய்கிறோம், மற்ற கம்பெனிகளின் பம்பைப் போலவே அதற்கும் அதே பொது மென்பொருள்தான். அதில் ஒரு பிழை இருக்கிறதாம். மின்சாரம் போய்த் திரும்பி வரும் நேரத்தில், எப்போதாவது ஒரு முறை, சொட்டு இரண்டு மடங்காகிவிடுகிறதாம். எங்கள் பம்பில் அதைச் சரிசெய்துவிட்டார். அந்தத் திருத்தத்தைப் பொதுவிலும் சேர்த்துவிட்டால் மற்ற எல்லா மருத்துவமனைகளிலும் சரியாகிவிடும், ஆனால் அது நம்முடைய ஒரு பேட்டன்ட்டைத் தொடுகிறது என்றார். எந்தெந்த வார்டுகளில் அந்தப் பிழையுள்ள பம்புகள் ஓடுகின்றன என்று ஒரு பட்டியலும் இணைத்திருந்தார். இருபத்திரண்டு தொட்டில்கள் உள்ள அந்த வார்டும் அதில் இருந்தது.

மூன்று புதன்கிழமைகள் உட்கார்ந்து படித்தோம். மூன்றாவது பிரிவை நான் இரண்டு முறை படித்தேன். பட்டியலை எச்.ஆர். அம்மா கடைசி வரிவரை படித்தார். சொட்டு இரண்டு மடங்கானால் ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு என்ன ஆகும் என்று பர்ச்சேஸ் மேனேஜர் கேட்டார். பொறியாளர் சொன்னார். எல்லாம் புரிந்தது. பிறகு ஒருமனதாக, 'அனுமதி மறுக்கப்படுகிறது' என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டோம். இந்த முறை நாங்கள் படிக்காமல் செய்துவிட்டோம் என்று எவரும் எங்களை மன்னித்துவிட முடியாது.